பரூசியா என்றால் வருகை: ஒரு கிரேக்கச் சொல்லும் அதன் தமிழும்

அப்போது எனக்கு எட்டு வயது. மதுரை புதூரில் குடியிருந்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது. அடுப்பில் உலை கொதிக்கிறது. அருவாமனை பக்கத்தில் பாதி நறுக்கிய கத்தரிக்காய். அம்மாவைக் காணோம். முந்தின வாரம்தான் ஒரு கூட்டத்தில் ‘ரகசிய வருகை’ பற்றி, அதாவது இயேசு யாருக்கும் தெரியாமல் வந்து தம்முடையவர்களை எடுத்துக்கொண்டு போவார் என்று, கேட்டிருந்தேன். ஆண்டவர் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், என்னை விட்டுவிட்டார் என்று வாசற்படியில் உட்கார்ந்து கதறினேன். கொஞ்ச நேரத்தில் இடுப்பில் குடத்தோடு அம்மா வந்தார். “ஏன்டா அழுகுற? தண்ணி வந்துருச்சுன்னு குழாயடிக்குப் போனேன்” என்றார்.

அதற்கப்புறம் ரொம்ப காலம், ‘வருகை’ என்று யாராவது பிரசங்கித்தால் அந்த ஆளில்லாத அடுப்படிதான் என் கண்ணில் நிற்கும். கடைசிக் காலத்தைப் பற்றிய வசனங்களை மெதுவாக, சொல் சொல்லாகப் படிக்க உட்கார்ந்தபோதுதான் அந்தப் பயம் விலகியது. விலக்கியது ஒரே ஒரு சொல்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் ‘பரூசியா’. ‘பரா’ என்றால் பக்கத்தில். ‘ஊசியா’ என்றால் இருத்தல். சேர்த்துச் சொன்னால் பக்கத்தில் இருத்தல். பிலிப்பியர் 2:12-ல் பவுல் தன்னைப் பற்றியே இந்தச் சொல்லை எழுதுகிறார். நம் பழைய வேதாகமம் அதை “நான் உங்களுக்குச் சமீபமாயிருக்கும்பொழுது” என்று அழகாகத் தமிழாக்கியிருக்கிறது. உலகம் அழிவது, வானம் உருகுவது எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஒருவர் நம் பக்கத்தில் இருப்பதுதான் இருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் 24 இடங்களில் வருகிறது. எல்லாமே கர்த்தருடைய வருகை அல்ல. கலங்கிப் போயிருந்த பவுலிடம் தீத்து வந்து சேர்ந்தபோது, “தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார்” என்று தேவனைப் பற்றி எழுதுகிறாரே, 2 கொரிந்தியர் 7:6, அங்கேயும் பரூசியாதான். ஊரிலிருந்து நல்ல செய்தியோடு வந்த ஒரு சிநேகிதனுக்குச் சொன்ன அதே சொல்லை இயேசுவுக்கும் சொல்கிறார்கள். இதை முதல்முறை கவனித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அன்றைய அரசாங்க வழக்கில் அதற்கு இன்னொரு கனமான பொருளும் இருந்தது. ராஜா ஒரு பட்டணத்துக்கு நேரில் வருவதும் பரூசியாதான். நம் ஊருக்கு மந்திரி வருகிறார் என்றால் ராத்திரியோடு ராத்திரியாகச் சாலைப் பள்ளத்தை மூடி, ஓரத்தில் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்களே, அதே அமர்க்களம் அங்கேயும் உண்டு. நீரோ வந்து போனதன் நினைவாகக் கொரிந்து பட்டணம் நாணயமே அடித்தது. கிறிஸ்துவுக்கு முன் 3-ஆம் நூற்றாண்டு எகிப்தில், ராஜாவின் வருகைக்குக் கிரீடம் செய்ய ஜனங்களிடம் பணம் பிரித்ததைப் பாப்பிரஸ் ஏடுகள் காட்டுகின்றன. இதைத் தெரிந்துகொண்டு 2 தீமோத்தேயு 4:8-ஐத் திரும்ப வாசித்துப் பாருங்கள். இங்கே கிரீடத்தை ஜனங்கள் செய்து கொடுக்கவில்லை. வருகிறவர் கொண்டுவருகிறார், “அவர் பிரசன்னமாகுதலை விரும்பும் யாவருக்கும்” தருகிறார்.

சரி, இதற்குத் தமிழ் என்ன? ‘வருகை’ என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது என்பது என் எண்ணம். வரு என்ற வினையோடு கை என்ற தொழிற்பெயர் விகுதி சேர்ந்தது. வந்து சேர்வது மட்டும்தான் அதன் பொருள் என்று மேலோட்டமாகத் தோன்றும். பள்ளிக்கூட மேஜையில் கிடக்கும் ‘வருகைப் பதிவேட்டை’ நினைத்துப் பாருங்கள். அதில் எழுதுவது பையன் எத்தனை மணிக்கு வந்தான் என்பதையா? வகுப்பில் இருக்கிறானா என்பதை. பெயர் கூப்பிட்டால் “உள்ளேன் ஐயா” என்கிறான். வருவதும் உடன் இருப்பதும் பரூசியாவுக்குள் எப்படிச் சேர்ந்து கிடக்கின்றனவோ, அப்படியே ‘வருகை’க்குள்ளும் கிடக்கின்றன. மத்தேயு 24:3-ல் “உம்முடைய வருகைக்கும், உலகத்தின் முடிவுக்கும் அடையாளம் என்ன?” என்று நம் பெரியவர்கள் மொழிபெயர்த்து வைத்தது சாதாரண வேலை இல்லை.

தமிழ் இலக்கியத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னும் ஒரு ஈரம் இருக்கிறது. பிள்ளைத்தமிழில் ஆறாவது பருவம் வருகைப் பருவம். ஏறக்குறைய ஒரு வயசுக் குழந்தை, தத்தித் தத்தி நடக்கும். எதிரே தாய் இரண்டு கையையும் நீட்டி “வருக, வருக” என்று கூப்பிடுவாள். வருகையைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை மனசில் வைத்துக்கொள்ளலாம்.

‘எழுந்தருளுதல்’ என்றும் சிலர் சொல்வதுண்டு. ராஜ கம்பீரம் அதில் இருக்கிறது, ஆனால் தீத்து வந்ததற்கு அதைப் போட முடியாது. ‘பிரசன்னம்’ உடன் இருப்பதைச் சொல்லும், வழியில் நடந்து வருவதைச் சொல்லாது. ‘இரண்டாம் வருகை’ என்ற தொடர் அப்படியே வேதத்தில் இல்லை. எபிரெயர் 9:28-ல் “இரண்டாந்தரம்” தரிசனமாவார் என்று இருக்கிறது, அதிலிருந்து சபை வழக்கில் வந்த பெயர், நல்ல பெயர்தான். ‘ரகசிய வருகை’ வேறு. 1830-களில் இங்கிலாந்து, அயர்லாந்துப் பக்கம் ஜான் நெல்சன் டார்பி போன்றவர்கள் பரப்பிய போதனை வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த கருத்து அது. அதை மனப்பூர்வமாக நம்புகிற நல்ல விசுவாசிகளை எனக்குத் தெரியும். ஆனால் 1 தெசலோனிக்கேயர் 4:16-ல் ஆரவாரமும் பிரதான தூதனுடைய சத்தமும் தேவ எக்காளமும் இருக்கின்றன. அதில் ரகசியம் எதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த வசனத்தில்தான் என் எட்டு வயது அழுகைக்குப் பதில் இருந்தது: “கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக.” மூலத்தில் ‘அபாந்தேசிஸ்’. வருகிற பெரிய மனிதரை ஊருக்கு வெளியே போய் வரவேற்று அழைத்து வருவது. அப்போஸ்தலர் 28:15-லும் இதே சொல். பவுல் வருகிற செய்தி கேட்டு ரோமாபுரி சகோதரர்கள் சிலர் அப்பியுபுரம் வரைக்கும், சிலர் மூன்று சத்திரம் வரைக்கும் எதிர்கொண்டு வந்தார்கள். அப்பியுபுரம் ரோமாபுரியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர், இங்கிருந்து திண்டுக்கல் தூரம். வந்தவர்கள் அங்கேயே தங்கிவிடவில்லை, பவுலோடு ஊருக்குத் திரும்பினார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் மலையிலிருந்து இறங்கி வருகிற அழகரை மூன்றுமாவடியில் ஜனங்கள் எதிரே போய் வரவேற்பதற்கு எதிர்சேவை என்று பெயர். நின்று பார்த்துவிட்டுக் கலைகிற கூட்டம் அல்ல அது, கூடவே தல்லாகுளம் வரை நடக்கிற கூட்டம். என் வழிபாடு வேறு. ஆனால் பக்கத்து வீட்டார் ராத்திரியெல்லாம் கண்விழித்து, எதிரே போய்க் கூட்டிவர ஆசைப்பட்டுக் கிளம்புவதைப் பார்த்துத்தான் ‘எதிர்கொண்டுபோக’ என்ற சொல்லின் வேகம் எனக்குப் பிடிபட்டது. அந்த வசனம் நம்மை இங்கிருந்து தப்பித்து ஓடச் சொல்லவில்லை, வருகிறவரை வரவேற்கப் போகச் சொல்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன். ரோமாபுரிக்காரர்களைக் கண்டதும் பவுல் “தைரியமடைந்தான்” என்று லூக்கா எழுதியிருப்பதையும் விட்டுவிடக்கூடாது.

அப்பாவை அடக்கம் பண்ணிய நாளில் ஆயர் வாசித்ததும் இந்தத் தெசலோனிக்கேயர் பகுதிதான். குழிமேட்டில் செம்மண் காலில் ஒட்டியிருந்தது. அம்மா என் கையைப் பிடித்திருந்தார். “இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்” என்று ஆயர் முடித்தார். தெசலோனிக்கே சபையார் கேட்டதும் அடக்கம் பண்ணியவர்களின் கேள்விதான்: செத்துப்போன நம் ஜனங்கள் வருகையைக் காண மாட்டார்களா? தேதியும் கணக்கும் அவர்கள் கேட்டதற்கு மருந்தாகியிருக்காது. பவுல் கொடுத்தது தேற்றரவு. எந்தப் படிப்பு என்னை அன்று நிமிர்ந்து நிற்க வைத்ததோ, அதைக் கடைசிக் காலப் படிப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

யாக்கோபு 5:7-ல் “கர்த்தர் வருமளவும்” என்பதும் பரூசியாதான். அங்கே உவமை பயிரிடுகிற சம்சாரி: மழைக்குக் காத்திருப்பவன். மேலூர்ப் பக்கம் கடைமடையில் பெரியாறு கால்வாய்த் தண்ணீருக்குக் காத்திருப்பவர்களைக் கேளுங்கள். திறந்துவிடும் தேதி அவர்கள் கையில் இல்லை. ஆனாலும் வாய்க்காலில் மண்டிய புல்லைச் செதுக்குவார்கள், வரப்பைக் கட்டுவார்கள், நாற்றங்காலுக்கு இடம் பார்த்து வைப்பார்கள். தண்ணீர் வரும் என்று நம்பாதவன் வாய்க்காலைச் சுத்தம் பண்ண மாட்டான்.

அப்புறம், மாரநாதா. பல வீட்டு வாசலில் எழுதியிருக்கும். ‘நாதா’ என்று முடிவதால் இது ‘நாதர்’ என்பதன் விளி போலத் தோன்றும். உண்மையில் இது 1 கொரிந்தியர் 16:22-ல் வரும் அரமேயச் சொல், இயேசு பேசிய பாஷை. ‘மாரன் ஆதா’ என்று பிரித்தால் நம் ஆண்டவர் வந்துவிட்டார். ‘மாரனா தா’ என்று பிரித்தால் எங்கள் ஆண்டவரே, வாரும். வேதாகமத்தின் கடைசிப் பக்கத்து ஜெபத்தோடு இரண்டாவதுதான் ஒத்துப்போகிறது: “ஆமென், கர்த்தராகிய இயேசுவே, வாரும்.” அம்மா இப்போது தினமும் ராத்திரி ஜெபத்தை அந்த ஒரு சொல்லில்தான் முடிக்கிறார். நானும் சேர்ந்து சொல்கிறேன்.