அமைச்சரவைகள் கவிழ்ந்தபோதும் பிரான்சின் பொருளாதாரத் திட்டம் நிலைத்தது எப்படி?

பிரான்சின் நான்காம் குடியரசு 1946 முதல் 1958 வரை ஏறத்தாழ 12 ஆண்டுகளே நீடித்தது. அதற்குள் 20க்கும் மேற்பட்ட அமைச்சரவைகள் பதவியேற்று வீழ்ந்தன. விகிதாசார முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்தில் எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை இல்லை. ஒருபுறம் கம்யூனிஸ்டுகளும் மறுபுறம் போர்க்காலத் தலைவர் தெ கோலின் ஆதரவாளர்களும் எதிர்த்து நிற்க, இடையிலிருந்த கட்சிகள் சேர்ந்தும் பிரிந்தும் ஆட்சி நடத்தின. சில மாதங்களில் கவிழக்கூடிய ஓர் அரசை நம்பி, கட்டி முடிக்கப் பல ஆண்டுகளாகும் அணையையோ எஃகு ஆலையையோ யார் தொடங்குவார்கள்? ஆயினும் அவை தொடங்கப்பட்டன, முடிக்கவும் பட்டன. ரோன் ஆற்றின் தொன்ஸேர்–மொந்திராகோன் நீர்மின் நிலையம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொடங்கப்பட்டு 1952இல் திறக்கப்பட்டது.

1946 ஜனவரி 3 அன்று தெ கோலின் இடைக்கால அரசு, நாட்டின் பொருளாதாரத் திட்டங்களை வகுக்கும் திட்ட ஆணையத்தை நிறுவியது. 17 நாள்கள் கழித்து அவரே பதவி விலகிவிட்டார், ஆணையம் தொடர்ந்தது. அதன் தலைவர் ழான் மொனே, கொன்யாக் நகரின் பிராந்தி வணிகக் குடும்பத்தில் பிறந்தவர், பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். ஆணையம் எந்த அமைச்சகத்தின் கீழும் வராமல் அரசின் தலைவரிடம் நேரடியாகப் பொறுப்புடையதாக இருக்க வேண்டும் என்பதிலும், ஊழியர் எண்ணிக்கை மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். பெரிய துறையாக வளர்ந்திருந்தால் பிற அமைச்சகங்கள் அதைப் போட்டியாகக் கருதியிருக்கும். ஒவ்வொரு கூட்டணிப் பேரத்திலும் அந்தப் பதவி பங்கிடப்பட்டிருக்கும்.

முதல் திட்டம் எல்லாவற்றையும் திட்டமிட முயலவில்லை. நிலக்கரி, மின்சாரம், எஃகு, சிமெண்ட், வேளாண் இயந்திரங்கள், போக்குவரத்து என்னும் ஆறு துறைகளை மட்டுமே முதலில் எடுத்துக்கொண்டது. இவற்றில் ஒன்று முடங்கினாலும் மற்றத் தொழில்களெல்லாம் முடங்கிவிடும் என்பதே காரணம்.

சோவியத் முறையில் ஆலைக்கு உற்பத்தி இலக்கு ஆணையாக வரும். பிரான்சில் அத்தகைய ஆணை இல்லை. இதைப் பொருளியலில் சுட்டிக்காட்டும் திட்டமிடல் என்பார்கள். ஆணையிடாத திட்டத்தை யார் பின்பற்றுவார்கள் என்ற ஐயம் இயல்பானது. ஓர் எஃகு ஆலை முதலாளியின் இடத்திலிருந்து பார்த்தால் விடை புலப்படும். அவர் புதிய உலை அமைத்தால் கூடுதல் நிலக்கரியும் மின்சாரமும் கிடைக்குமா, உருட்டிய எஃகை வாங்க ஆள் இருக்குமா என்பது அவருக்குத் தெரியாது. சுரங்கத்தாருக்கோ, எஃகு ஆலை வளருமா என்பது தெரியாது. எல்லாரும் மற்றவருக்காகக் காத்திருந்தால் எதுவும் வளராது. ஆணையத்தின் நவீனமயமாக்கல் குழுக்களில் முதலாளிகளும் தொழிற்சங்கத்தினரும் அதிகாரிகளும் வல்லுநர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒவ்வொரு துறையும் எவ்வளவு வளரப்போகிறது என்ற மதிப்பீட்டைச் சேர்ந்தே வகுத்தனர். அந்த எண்ணைப் பலரும் நம்பியதாலேயே அது பெருமளவு மெய்யாகும் வாய்ப்பு உண்டானது. பின்னாளில் ஆணையத் தலைவரான பியேர் மாஸே திட்டத்தை நிச்சயமின்மையைக் குறைக்கும் கருவியாகவே விளக்கினார்.

நம்பிக்கைக்குப் பின்னால் பணமும் இருந்தது. நிலக்கரி, மின்சாரம், பெரிய வங்கிகள் ஆகியவை 1945–46இலேயே நாட்டுடைமையாகியிருந்தன. 1948 முதல், போரால் நலிந்த ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா தந்த மார்ஷல் உதவி வந்தது. அமெரிக்கா தந்த சரக்கைப் பிரெஞ்சு நிறுவனங்கள் பிராங்க் கொடுத்து வாங்கின. அந்தப் பிராங்குகள் தனிக் கணக்கில் சேர்ந்தன. அமெரிக்க இசைவுடன் அவற்றின் பெரும்பகுதி திட்டத்தின் முதலீடுகளுக்குச் சென்றது. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்துக்காகச் சட்டமன்றத்தில் நடந்த போராட்டம் அணைகளையும் சுரங்கங்களையும் பெரிதும் தொடாமல் போனதற்கு இது முக்கியக் காரணம்.

இந்த நிலைத்தன்மைக்கு ஒரு விலை இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. முதல் திட்டம் 1947 ஜனவரியில் அரசாணை வழியாகவே ஏற்கப்பட்டது. சட்டமன்றம் அதற்கு வாக்களிக்கவில்லை. 1954இல் தொடங்கிய இரண்டாம் திட்டம் 1956இல்தான் சட்டமாயிற்று, அதாவது காலத்தின் பாதி கடந்த பிறகு. பனிப்போர் முற்றியதும் கம்யூனிஸ்ட் சார்புத் தொழிற்சங்கம் குழுக்களை விட்டு வெளியேறியது. உழைப்பாளர்களில் பெரும் பகுதியினரின் குரல் அதனுடன் வெளியேறியது. மக்கள் பிரதிநிதிகளிடமிருந்து விலகி நின்றதால் திட்டம் பிழைத்தது என்றால், மக்களாட்சியை மதிப்பவர்கள் அதை முழு மனத்துடன் பாராட்ட முடியாது என்றே நான் கருதுகிறேன்.

திட்டமிடல் அரசியலை நிலைப்படுத்தியது என்று சொல்வதற்கும் சான்று இல்லை. உற்பத்தி உயர்ந்துகொண்டிருந்தபோதே, அல்ஜீரியப் போரால் எழுந்த 1958 மே மாத நெருக்கடியில் நான்காம் குடியரசு வீழ்ந்தது. அந்த ஆண்டிலிருந்து தொடங்குமாறு வகுத்திருந்த மூன்றாம் திட்டமோ, ஆட்சிக்குத் திரும்பிய தெ கோலின் ஐந்தாம் குடியரசில் தொடர்ந்தது. ஆணையம் 2006 வரை இயங்கியது.