மஞ்சள் கொடுப்பதற்கு முன் குதிரையின் குளம்பைத் தொட்டுப் பாருங்கள்

அண்மையில் பரிசோதனைக்கு வந்த வயதான குதிரை ஒன்று இந்தக் கட்டுரையை எழுத வைத்திருக்கிறது. மாதக்கணக்கில் லேசாக நொண்டிக்கொண்டிருந்த அந்தக் குதிரைக்கு, மஞ்சள்தூளும் எண்ணெயும் மிளகும் சேர்த்துக் குழைத்த கலவையை நாள்தோறும் தீவனத்தில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். நொண்டல் சில நாள் குறைவதும் சில நாள் கூடுவதுமாக இருந்ததால், குறைந்த நாட்களை மஞ்சளின் கணக்கிலும் கூடிய நாட்களை வயதின் கணக்கிலும் எழுதிவிட்டார்கள். ஊடுகதிர்ப் படம் எடுத்தபோது, இரண்டு முன்னங்கால்களிலும் குளம்புக்குள் இருக்கும் பாத எலும்பு தன் நிலையிலிருந்து திரும்பி உள்ளங்குளம்பை நோக்கி இறங்கியிருந்தது. குளம்பழற்சி, அதாவது பாத எலும்பைக் குளம்போடு பிணைத்திருக்கும் திசு அழன்று பிடியிழக்கும் நோய், இந்த நிலைக்கு வந்தபின் கால்நடை மருத்துவர்களான எங்களால் செய்ய முடிவது குறைவு. முதல் வாரத்திலேயே வந்திருந்தால் நிறையச் செய்திருக்கலாம். அந்த உரிமையாளர் அக்கறையற்றவர் அல்லர். கலவையை ஒரு நாளும் தவறாமல் தாமே தயாரித்துக் கொடுத்தவர். அத்தனை அக்கறையும் தவறான இடத்தில் செலவானதுதான் வேதனை.

இத்தகைய உரிமையாளர்கள் எல்லோரும் சொல்லும் ஒரே வாக்கியம்: "இயற்கையானதுதானே டாக்டர், நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாதே." இந்த வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. அரளியும் இயற்கையானதுதான், அதன் இலைகள் ஒரு கைப்பிடி அளவு போதும், வளர்ந்த குதிரையின் இதயத் துடிப்பு நின்றுபோக. மிளகாயின் காரப்பொருளான காப்சைசினும் இயற்கையானதுதான். 2008 ஒலிம்பிக்கில் நான்கு குதிரைகளின் மாதிரிகளில் அது கண்டறியப்பட்டு அவை போட்டியிலிருந்து விலக்கப்பட்டன. ஒரு பொருள் செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று குதிரையின் உடல் பார்ப்பதில்லை. எந்த மூலக்கூறு, எவ்வளவு, எத்தனை நாள், வேறு எந்த மருந்தோடு என்பவற்றைத்தான் அது பார்க்கும். மேலும், அந்த வாக்கியம் தனக்குத்தானே முரண்படுகிறது. மூட்டு வீக்கத்தைக் குறைத்து வலியை அடக்கும் அளவுக்கு மஞ்சளுக்கு வலிமை உண்டு என்றால் அது ஒரு மருந்து; மருந்துக்குப் பக்கவிளைவும் அளவும் உண்டு. அந்த வலிமை இல்லை என்றால், வலியோடு நிற்கும் விலங்குக்கு நாம் எதையும் கொடுக்கவில்லை என்று பொருள். வலிக்கு மருந்து என்று நம்பும்போது ஒரு நியாயமும், கெடுதல் செய்யாது என்று வாதிடும்போது வேறொரு நியாயமும் இருக்க முடியாது.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மஞ்சளின் மருத்துவக் குணத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் வேதிப்பொருளான குர்குமின், மஞ்சள்தூளில் தோராயமாக 3 சதவீதம் இருக்கும். நாளொன்றுக்கு 10 கிராம் தூள் கொடுத்தால் குதிரைக்குப் போவது 300 மில்லிகிராம் குர்குமின். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது கிலோவுக்கு 0.6 மில்லிகிராம். மனிதர்களின் மூட்டுத் தேய்மானத்துக்காக நடந்த பல ஆய்வுகளில் தரப்பட்டது நாளொன்றுக்குச் சுமார் 1 கிராம் குர்குமின், அதாவது 70 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கிலோவுக்கு 14 மில்லிகிராம். அதே விகிதத்தைக் குதிரைக்கு எட்ட வேண்டுமானால் ஏறத்தாழ 240 கிராம் மஞ்சள்தூளை ஒவ்வொரு நாளும் கொடுக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் அந்த அளவைக் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இப்போது கொடுப்பது எவ்வளவு சிறியது என்று காட்டத்தான் இந்தக் கணக்கு.

விழுங்கிய குர்குமினிலும் மிகச் சிறு பங்குதான் இரத்தத்தை அடைகிறது. மீதியைக் குடலும் கல்லீரலும் விரைவாக மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. "அதற்குத்தானே மிளகு சேர்க்கிறோம்" என்பார்கள். மிளகின் காரப்பொருளான பைப்பரின், குர்குமின் உறிஞ்சப்படுவதை 2000 சதவீதம் கூட்டுகிறது என்ற செய்தி 1998-இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வருகிறது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் ஆரோக்கியமான மனிதர்கள். 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது அவர்களின் இரத்தத்தில் அது மிகக் குறைவாகவோ, கண்டறியவே முடியாமலோ இருந்தது. அந்தச் சொற்ப அளவின் மீதுதான் இந்த 2000 சதவீதம். அதே ஆய்வில் எலிகளுக்குக் கிடைத்த உயர்வு 154 சதவீதம் மட்டுமே. மனிதனுக்கும் எலிக்கும் இடையிலேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, மனிதனுக்குக் கிடைத்த எண்ணைக் குதிரையின் தீவனத் தொட்டியில் போடுவது எந்த வகையில் சரி?

பைப்பரின் உடலிலுள்ள மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுப்பதால்தான் அந்த வேலையைச் செய்கிறது. அது குர்குமினுக்கு மட்டும் வழிவிட்டு மற்றவற்றை நிறுத்தி வைப்பதில்லை. குதிரை உண்ணும் பிற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தக்கூடும். நொண்டும் குதிரைகளில் பலவும் ஃபீனைல்பியூட்டசோன் என்ற வலி நிவாரணியை உண்பவை. அந்த மருந்தின் பாதுகாப்பு எல்லை குறுகியது. அளவு மீறினால் இரைப்பையையும் பெருங்குடலையும் சிறுநீரகத்தையும் புண்படுத்தும். குதிரையின் இரைப்பை உணவு இல்லாத வேளையிலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருப்பது. புண் வருவதற்கு ஏற்கெனவே ஆயத்தமாக இருப்பது. குர்குமின், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றுசேர்வதைத் தடுப்பதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். ஆகவே அறுவைச் சிகிச்சை திட்டமிட்டிருந்தால் மஞ்சளை முன்கூட்டியே நிறுத்தச் சொல்கிறோம். நள்ளிரவில் வயிற்றுவலியோடு வரும் குதிரைக்கு அந்த முன்னறிவிப்பு கிடைக்காது.

தூளின் தூய்மையும் கவலைக்குரியது. நிறத்துக்காக மஞ்சளில் ஈயக் குரோமேட் கலக்கப்படுவது பல முறை கண்டறியப்பட்டிருக்கிறது. ஈயம் குதிரையின் நரம்புகளைத் தாக்கும்; குரல்வளை செயலிழந்து, மூச்சு இழுக்கும்போது இரைச்சல் கேட்கும்.

எங்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். குதிரையின் ஈறுகளின் நிறத்தைப் பார்த்துப் பல முடிவுகளை எடுக்கிறோம். தீவனம் எடுக்காத குதிரைக்குக் கல்லீரல் நோய் இல்லாமலேயே ஈறும் கண்ணும் லேசாக மஞ்சளிக்கும். அதைப் பிரித்தறிவதே கவனம் கேட்கும் வேலை. அதன்மேல் மஞ்சள் கலவையும் உதட்டில் அப்பியிருந்தால் நாங்கள் எதை நம்புவது?

மஞ்சளைக் குணமாக்கும் என்று நம்பிக் கொடுக்கப்படும் நோய்களின் பட்டியல் நீண்டது. சார்காய்டு கட்டிகளுக்குப் பூசுகிறார்கள். அவை மாடுகளின் பாப்பிலோமா வைரஸோடு தொடர்புடைய தோல் கட்டிகள், தேய்த்துக் கிளறினால் மூர்க்கமாக வளரக்கூடியவை. குடற்புழுவுக்குக் கொடுக்கிறார்கள், சாணத்தில் முட்டைகளை எண்ணிப் பார்த்து, தேவைக்கேற்ற மருந்தைக் கொடுப்பதற்கு அது மாற்றாகாது. கொசுவைவிடச் சிறிய பூச்சிகளின் கடியால் வரும் அரிப்புக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் குதிரைக்கு முதலில் தேவைப்படுவது பூச்சி கடிக்காமல் காக்கும் போர்வை.

ஆனால் என்னை உறங்கவிடாதது குளம்பழற்சிதான். குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கிறதா, கடினமான தரையில் திரும்ப மறுக்கிறதா, காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறதா என்று பாருங்கள். குளம்பைத் தொட்டுப் பாருங்கள். வெப்பமாக இருந்தாலும், கணுவின் பின்புறம் நாடி வழக்கத்தைவிட வலுவாகத் துடித்தாலும் அன்றே மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை குதிரையை நடத்தாதீர்கள். ஆழமான மென்மையான படுக்கை இடுங்கள். தானியத்தையும் செழித்த புல்லையும் நிறுத்துங்கள். இதை வலி நிவாரணி ஒன்றால் மட்டும் சமாளிக்க முடியாது, காரணத்தைத் தேட வேண்டும். வயதான குதிரைகளில் பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறும், உடல் பருத்தவற்றில் இன்சுலின் கோளாறும் பெரும்பாலும் பின்னணியில் இருக்கும். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டறியலாம். முன்னதற்குப் பெர்கோலைடு என்ற மருந்து உண்டு, பின்னதற்கு உணவுக் கட்டுப்பாடு உண்டு. லாடம் அடிப்பவரும் மருத்துவரும் ஒன்றாக நின்று பார்த்தால் இன்னும் நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் மஞ்சள் கொடுக்கவே விரும்பினால், நோய் என்னவென்று தெரிந்தபின் கொடுங்கள். மிளகைச் சேர்க்காதீர்கள். கருவுற்ற குதிரைக்கும், இரைப்பைப் புண் உள்ள குதிரைக்கும், வேறு மருந்து உண்ணும் குதிரைக்கும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். போட்டிக்குப் போகும் குதிரை என்றால், தடைசெய்யப்பட்ட பொருட்களின் நடப்புப் பட்டியலை உங்கள் விளையாட்டு அமைப்பிடம் கேட்டுப் பார்த்த பிறகே எந்தத் துணை உணவையும் தொடங்குங்கள். பரிசோதனைக்கு வரும்போது, மருத்துவர் கேட்காவிட்டாலும், தீவனத்தில் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவோம் என்று பயந்து சொல்லாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். நாங்கள் எழுதும் மருந்தின் அளவு அதைப் பொறுத்து மாறும்.