சந்தியில் சைக்கிள் ஏன் கண்ணுக்குத் தப்புகிறது?

சைக்கிளோடு மோதிய சாரதிகள் பலர் சொல்வது ஒன்றுதான்: "பார்த்துத்தான் எடுத்தனான், சைக்கிள் வந்ததைக் காணேல்லை." கேட்பவருக்கு அது வெறும் சாட்டாகப் படும். ஆனால் பல வேளைகளில் அது உண்மை. கண்ணும் மூளையும் வேலை செய்கிற விதத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. பள்ளிக்கூடம், கந்தோர், ரியூசன் என்று யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறை வீதியிலும் பலாலி வீதியிலும் தினமும் சைக்கிள் மிதிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

கையை நீட்டிப் பெருவிரல் நகத்தைப் பாருங்கள். அதன் அகலம் ஏறக்குறைய 2 பாகை. எந்த நேரத்திலும் கண் மிகத் தெளிவாகப் பார்ப்பது அவ்வளவு இடத்தைத்தான். மிச்சத்தை அறியக் கண் செக்கனுக்கு மூன்று தடவை போலத் தாவித் தாவி நிற்கிறது. தாவும்போது விழும் கலங்கல் காட்சியை மூளை அமுக்கிவிடும். கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். விழி அசைவது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஒழுங்கையிலிருந்து வானை வெளியே எடுப்பவர் அவசரமாக வலமும் இடமும் தலையைத் திருப்பினால், கண் நின்ற இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் முழுதாகத் தவறிப்போகலாம்.

இன்னொரு பொறி இதைவிடக் கொடியது. யாழ்ப்பாணம் தட்டை நிலம். வயல்வெளியில் இரண்டு வீதிகள் குறுக்கிடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நீங்கள், மற்றதில் ஒரு கார். இருவரும் சீரான வேகத்தில் வந்து ஒரே நேரத்தில் சந்தியை அடையப்போகிறீர்கள் என்றால், சாரதிக்கு நீங்கள் தெரியும் திசை கடைசிவரை மாறாது. ஓரப்பார்வை அசைவைத்தான் நன்றாகப் பிடிக்கும்; அசையாததைப் பனைமரத்தோடும் வேலியோடும் சேர்த்துவிடும். முன்கண்ணாடிக்குப் பக்கத்திலுள்ள தூண் உங்களை ஒருமுறை மறைத்தால், மோதும்வரை மறைத்தபடியே வரும். கடலோடிகள் இதை நன்கு அறிவார்கள்: திசை மாறாமல் நெருங்கும் கப்பல் மோத வரும் கப்பல். ஆகவே உங்கள் கண்ணுக்கு ஒரு கார் ஒரே கோணத்தில் நிலைத்து நிற்பதுபோலப் பட்டால் உடனே பெடலை நிறுத்தி வேகத்தைக் குறையுங்கள். வேகம் மாறியதும் கோணம் மாறும். நீங்கள் அவரது காட்சிக்குள் நகரத் தொடங்குவீர்கள்.

பருமனும் ஏமாற்றும். பஸ்ஸின் அகலம் 2.5 மீற்றர், சைக்கிள் கைபிடியின் அகலம் 60 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். 25 மீற்றரில் வரும் சைக்கிள், 100 மீற்றரில் வரும் பஸ்ஸின் அகலத்தில்தான் கண்ணில் விழும். "இன்னும் தூரம் இருக்கு" என்று மூளை முடிவெடுத்துவிடும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனத்துக்கு அந்த 25 மீற்றர் ஒன்றரைச் செக்கனில் முடிந்துவிடும். ஆபத்தைக் கண்டு, கால் பிறேக்குக்குப் போகவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

பின்னால் வருவதற்குக் காதுதான் காவல். ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டால் பரவாயில்லை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது பிழை. சத்தம் ஒரு காதை எட்டி, மற்றதை எட்டுவதற்கு இடைப்பட்ட நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. ஒரு காதை அடைத்தால் வாகனம் வருவது கேட்கும், எந்தப் பக்கம் என்பது குழம்பும். சோளகம் அடிக்கும் மாதங்களில் எதிர்க்காற்றில் மிதித்தால் காதில் மோதும் காற்றின் இரைச்சலே பின்னால் வரும் ஓசையை மூடிவிடும். அந்த நாட்களில் வலப்பக்கம் திரும்புமுன் தலையைத் திருப்பிப் பார்த்தே ஆகவேண்டும்.

இரவுக்கு டைனமோவை மட்டும் நம்பாதீர்கள். காந்தம் சுழன்றால்தான் கம்பிச்சுருளில் மின் பிறக்கும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்னில் வானொலி கேட்டவர்களுக்கு, கை ஓய்ந்தால் குரலும் ஓயும் என்பது தெரியும். சந்தியில் வலப்பக்கம் திரும்ப நிற்கும்போது, வெளிச்சம் மிகவும் தேவையான அந்த இடத்தில், டைனமோ விளக்கு அணைந்துபோகும். பற்றரி விளக்கு ஒன்று பூட்டுங்கள். பின்பக்கச் சிவப்புத் தெறிப்பானுக்கு மின் வேண்டாம், ஆனால் அதன்மேல் வாகன வெளிச்சம் விழவேண்டும்.

பெடல் தெறிப்பான்களைக் கழற்றி எறியாதீர்கள். 1973 இல் சுவீடன் உளவியலாளர் குன்னார் யொஹான்சன், மனிதரின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரியும்படி இருட்டில் நடக்கவிட்டுக் காட்டினார். பார்த்தவர்கள் அது மனிதர் என்று கண நேரத்தில் சொன்னார்கள். மேலும் கீழுமாகப் போய்வரும் இரண்டு புள்ளிகளும் அப்படித்தான் "இது ஆள்" என்று சாரதிக்குச் சொல்லும். பெடலில் இல்லாவிட்டால் இரண்டு கணுக்காலிலும் தெறிப்புப் பட்டி கட்டுங்கள். காற்சட்டை செயினில் சிக்காமலும் இருக்கும்.