ஒத்திகை நாளில் ‘நீங்கள் வர வேண்டாம்’ என்று சொல்லாதீர்கள்

கல்லூரிகளில் தீ விபத்து ஒத்திகை நடத்துவது என் வேலை. ஒரு கல்லூரியில் நான்கு மாடிக் கட்டடம் சில நிமிடங்களில் காலியானது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. வருகைப் பட்டியலைச் சரிபார்த்தபோது, மூன்றாம் மாடி வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் மாணவி மட்டும் இல்லை. கேட்டேன். “ஒத்திகைதானே சார், பாவம், எதுக்கு சிரமம்னு இன்னைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டோம்” என்றார் ஆசிரியர். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நாங்கள் சோதித்துப் பார்த்திருக்க வேண்டியதே அவர் எப்படி வெளியே வருவார் என்பதைத்தான்.

அடுத்த வாரம், அவர் சம்மதத்தோடு மறுபடி நடத்தினோம். அலாரம் அடித்ததும் இரண்டு மாணவர்கள் ஓடிவந்து நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்துத் தூக்கப் போனார்கள். நான் பதறி நிறுத்தினேன். பல சக்கர நாற்காலிகளில் கைப்பிடி கழற்றி மாட்டுவதுதான். தூக்கினால் கையோடு வந்துவிடும். மின்சார நாற்காலி என்றால் பல 100 கிலோவைத் தாண்டும், படியில் தூக்குவதை யோசிக்கவே வேண்டாம். அந்த மாணவி சொன்னார்: “என்னைத் தூக்குறதுக்கு ஒரு முறை இருக்கு சார். இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லை.”

‘உங்களை எப்படித் தூக்க வேண்டும்?’ என்ற அந்தக் கேள்வியில்தான் எல்லாம் தொடங்குகிறது. அவரோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதினோம்: எந்த நேரம் எந்த மாடி, அருகில் எந்தப் படிக்கட்டு, துணைக்கு யார், அவர் வராவிட்டால் இன்னொருவர் யார், எங்கே பிடிக்கலாம், எங்கே கூடாது.

லிஃப்ட் கணக்கில் இல்லை. மின்சாரம் போகும், லிஃப்ட் குழிக்குள் புகை ஏறும், பல கட்டடங்களில் அலாரம் அடித்ததும் லிஃப்ட் தானாகவே தரைத்தளத்துக்கு இறங்கி நின்றுவிடும். அப்படியானால் மாடியில் இருப்பவர் எங்கே காத்திருப்பது? தீத்தடுப்புக் கதவுகளால் மூடப்பட்ட படிக்கட்டின் அகலமான திருப்பத்தில், மற்றவர்கள் இறங்கும் வழியை மறிக்காமல். அவர் அங்கே இருக்கிறார் என்று கீழே உள்ளவர்களுக்கு உடனே தெரிய வேண்டும், தீயணைப்பு வீரர்களிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்ல வேண்டும். காற்று வரட்டும் என்று அந்தக் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து வைத்திருப்பதை எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டேன். தீயை விடப் புகைதான் அதிகம் பேரைக் கொல்கிறது. அந்தச் செங்கல், காத்திருப்பவரிடம் புகையை நேராகக் கொண்டுபோய் விடும்.

படிகளில் சறுக்கி இறங்கும் எவாக்குவேஷன் சேரை வாங்கி வையுங்கள். 2001 செப்டம்பர் 11 அன்று, நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 69ஆம் மாடியிலிருந்து, நடக்க இயலாத ஒருவரைச் சக ஊழியர்கள் அப்படித்தான் இறக்கினார்கள். 1993இல் அங்கே குண்டு வெடித்த பிறகு வாங்கி வைத்த நாற்காலி அது. ஆனால் வாங்கினால் மட்டும் போதாது. கல்லூரியில் மாணவர்கள் மூன்று நான்கு வருடத்தில் போய்விடுவார்கள். அதனால் காவலர்களுக்கும் ஆய்வக உதவியாளர்களுக்கும் வருடந்தோறும் பயிற்சி கொடுங்கள்.

நாற்காலியில் இல்லாதவர்களையும் மறந்துவிடக் கூடாது. காது கேளாத மாணவர் கழிவறையில் தனியாக இருந்தால் அலாரம் எப்படித் தெரியும்? அங்கே மின்னும் விளக்கு வேண்டும். விடுதி அறையில் தலையணைக்கடியில் அதிரும் கருவி வேண்டும். பார்வையற்றவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடிக்கட்டும், படி வந்தால் வாயால் சொல்லுங்கள். அலாரச் சத்தத்தில் உறைந்துபோகும் ஆட்டிசம் உள்ள மாணவருக்கு வழியை முன்பே நடந்து காட்டிவிடலாம். ஆஸ்துமா, முழங்கால் அறுவை சிகிச்சை, கர்ப்பம் போன்றவை பல நேரம் வெளியில் தெரியாது. அதனால் பருவத் தொடக்கத்தில் “அவசரத்தில் உதவி வேண்டுமா?” என்று எல்லாரிடமும் ரகசியமாகக் கேட்டுவிடுங்கள்.

அந்த மாணவிக்காக எழுதிய திட்டத் தாளை இப்போது அவரே பார்த்துக்கொள்கிறார். கால அட்டவணை மாறும்போதெல்லாம் திருத்தி அனுப்புகிறார். இந்தப் பருவத்தில் அவருடைய ஆய்வகம் நான்காம் மாடிக்குப் போயிருந்தது. அதைத் தரைத்தளத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டோம், மாற்றிக் கொடுத்தார்கள்.