பூனையின் காது சொல்லும் சேதி

காதைத் தலையோடு ஒட்ட மடக்கிக்கொண்டு சீறும் பூனையைப் பார்த்தால், "கோபத்தில் இருக்கிறது" என்றுதான் பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது கோபம் இல்லை, பயம். கோபத்தில் காது வேறு மாதிரி இருக்கும்.

பூனையின் காது மடலை அசைக்க ஒவ்வொரு பக்கமும் 20-க்கும் மேற்பட்ட தசைகள் இருக்கின்றன. ஒரு காது வாசலைப் பார்க்க, இன்னொன்று சமையலறைப் பக்கம் திரும்பும். கிட்டத்தட்ட அரைவட்டம் சுற்றும். இந்த ஏற்பாடெல்லாம் முதலில் வேட்டைக்குத்தான். நமக்குக் கேட்கும் ஒலி 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. பூனைக்கு ஏறத்தாழ 85 வரை கேட்கும். எலிகளின் கீச்சொலிகளில் நம் காதுக்கு எட்டாதவையும் அதற்குள் அடங்கும். அதனால் கண்ணை மூடிப் படுத்திருக்கும் பூனை ஒற்றைக் காதைத் திருப்பினால் அதில் மனநிலையைத் தேட வேண்டாம். ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு காதும் நிமிர்ந்து முன்னால் பார்த்தால் எதிலோ ஆர்வம். லேசாகப் பக்கவாட்டில் தளர்ந்திருந்தால் நிம்மதி. இவற்றில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. சிக்கல் காது மடங்கும்போதுதான்.

பயந்த பூனை காதைப் பக்கவாட்டில் சாய்த்து, கீழே அழுத்தி, தலையைத் தட்டையாக்கிக்கொள்ளும். இது ஏன் என்று டார்வின் 1872-இல் வெளிவந்த நூலில் விளக்கியிருக்கிறார். பல்லால் கடித்துச் சண்டை போடும் விலங்குகள் காதைப் பின்னுக்கு மடக்குகின்றன, எதிரியின் வாயில் சிக்காமல் இருக்க. ஆடுமாடுகள் சண்டையில் அப்படிச் செய்வதில்லை; அவை கொம்பால் முட்டுபவை. தெருவில் திரியும் கடுவன் பூனைகளின் காது ஓரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல்லும் நகமும் பட்டுக் கிழிந்த தழும்புகள் இருக்கும்.

தாக்கத் துணிந்த பூனையின் காது அப்படிப் படிந்து கிடக்காது. நிமிர்ந்தே இருக்கும், ஆனால் வெளிப்பக்கமாகத் திரும்பி, எதிரே நிற்பவருக்குக் காதின் முதுகு தெரியும். ஜெர்மானிய விலங்கு நடத்தை ஆய்வாளர் பால் லைஹவுசன் பூனை முகங்களை வரைந்து, பயம் கூடுவதை ஒரு திசையிலும் ஆவேசம் கூடுவதை இன்னொரு திசையிலும் அடுக்கிக் காட்டினார். அந்தப் படங்களின் அழகே இரண்டும் கலக்கும் என்று காட்டியதுதான். பயமும் ஆவேசமும் உச்சத்தில் சேர்ந்தால் காது முழுக்கப் படிந்துவிடும், பல்லும் தெரியும். மூலையில் மாட்டிக்கொண்ட பூனையின் முகம் அது. அதைத் திட்டுவதில் ஒரு பயனும் இல்லை. விலகி வழிவிட்டால் பெரும்பாலும் ஓடிவிடும்.

(புலியின் காது முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு உண்டு. அது காதைத் திருப்பி மிரட்டும்போது அந்தப் பொட்டு முன்னால் பளிச்சென்று தெரியும்.)

காது எப்போதும் மடங்கியே இருக்கும் ஸ்காட்டிஷ் ஃபோல்டு என்ற பூனை இனத்துக்கு இந்த மொழியே பாதி பறிபோயிருக்கிறது. காதை மடங்கவைக்கும் அதே மரபணுக் கோளாறு அதன் மூட்டுகளையும் பாதித்து வலி கொடுக்கிறது. அழகுக்காக அதை இன்னும் இனப்பெருக்கம் செய்வது கொடுமை என்பேன்.

வலியும் காதில் தெரியும். மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் இதற்கென்று ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். காது, கண், மூக்கு-வாய்ப் பகுதி, மீசை, தலையின் நிலை என்று ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். காது முன்னோக்கி இருந்தால் 0. இரண்டு காதுக்கும் நடுவே இடைவெளி சற்று அகன்றிருந்தால் 1. தட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் 2. மொத்தம் 10-க்கு 4 வந்துவிட்டாலே வலி மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அந்த மருந்தைக் கால்நடை மருத்துவர்தான் தர வேண்டும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைத் தொடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது, ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடலாம்.