விரிய வேண்டிய நேரத்தில் சுருங்கும் ரத்தக்குழாய்

ஏற்காடு ஏரியிலிருந்து சேர்வராயன் கோயிலுக்கு ஏற்றத்தில் நடந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும். இதயத் தசைக்கு அப்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு ரத்தம் தேவைப்படும். அதைக் கொண்டுவரும் கொரோனரி தமனிகள் உடனே விரிந்துகொடுக்க வேண்டும். கொரோனரி நோய் உள்ளவருக்கு இங்கேதான் சிக்கல். குழாய் போதுமான அளவு விரியாது. சில இடங்களில் சுருங்கவும் செய்யும்.

நம்மில் பலர் மாரடைப்பை உப்புத் தண்ணீர்க் குழாயில் உப்பு படிவதுபோல நினைக்கிறோம். கொழுப்பு படிகிறது, அடைக்கிறது, ஸ்டென்ட் வைத்தால் சரி என்று. ரத்தக்குழாயின் சுவருக்கு உயிர் உண்டு என்பது இந்தக் கணக்கில் விட்டுப்போகிறது.

அந்தச் சுவரின் உட்புறத்தில் ஒரே ஒரு அடுக்கு செல்கள் இருக்கின்றன. எண்டோதீலியம் என்பார்கள். ரத்தம் வேகமாக உரசிப் போகும்போது இவை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கும். அதனால் குழாயின் சுவரில் உள்ள தசை தளர்ந்து குழாய் விரியும். 1980இல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் தமனியில் இதற்குத் தடயம் கண்டார். அசிட்டைல்கோலின் என்ற மருந்து பட்டதும் தமனி தளர்ந்தது; உட்படலத்தை உரித்துவிட்டால் தளரவில்லை. 1986இல் அதே மருந்தை மனிதர்களின் கொரோனரி தமனிகளில் செலுத்திப் பார்த்தார்கள். நல்ல தமனிகள் விரிந்தன, கொழுப்பு படிந்தவை சுருங்கின.

ஏன்? எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுந்து கெட்டுப்போகும்போது உடல் அதைக் காயமாகவே எடுத்துக்கொள்கிறது. வெள்ளணுக்கள் உள்ளே நுழைந்து கொழுப்பை விழுங்குகின்றன. இதுதான் அழற்சி. அப்போது வெளியாகும் ரசாயனங்கள் நைட்ரிக் ஆக்சைடை அழிக்கின்றன, உட்படலத்தை ஒட்டும்படி ஆக்கி இன்னும் வெள்ளணுக்களை இழுக்கின்றன. கொழுப்புத் திட்டின் மேல்மூடியும் மெலிகிறது. அது கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரும்.

அழற்சி இதயத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஈறு நோய்க்குத் தீவிர சிகிச்சை பெற்றவர்களின் கைத் தமனி மறுநாள், சிகிச்சையே கிளப்பிய தற்காலிக அழற்சியோடு, குறைவாகவே விரிந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நன்றாக விரிந்தது. பல் வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்தால்? 2017இல் கனகினுமாப் என்ற ஊசி அதைச் செய்து காட்டியது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களிடம் அடுத்த மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து சுமார் 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் நோய்த்தொற்று கூடியது.

அப்புறம் வந்தது நமக்கு நெருக்கமான மருந்து. சேர்வராயன் சரிவுகளில் தானாகவே படரும் செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்குச் செடியில் உள்ள கால்ச்சிசின். வெள்ளணுக்களின் நடமாட்டத்தை இது மட்டுப்படுத்தும். 2019, 2020 ஆய்வுகளில் தினம் அரை மில்லிகிராம் பலன் தந்தது. மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்த 2024 ஆய்வில் பலன் தெரியவில்லை. யாருக்குத் தரலாம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கும் இது உடலில் தேங்கி நஞ்சாகும். கிழங்கை நேரடியாகச் சாப்பிடவே கூடாது. தின்று இறந்தவர்கள் உண்டு.