கேரம் போர்டு முன்னால் மூணு மணி நேரம்

"டாக்டரம்மா, கேரம் ஆட உக்காந்தா மூணு மணி நேரம் அசைய மாட்டான். கணக்கு நோட்டைத் தொறந்தா அஞ்சு நிமிஷம் தாங்காது. வியாதியெல்லாம் ஒண்ணுமில்ல, கொழுப்பு."

தண்டையார்பேட்டையில் என் கிளினிக்குக்கு வந்த ஓர் அம்மா சொன்னது (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பையனுக்குப் பத்து வயது. ஏ.டி.ஹெச்.டி. இருக்குமோ என்று பள்ளியில் சந்தேகப்பட்டு அனுப்பியிருந்தார்கள். கேரம் கிளப்புக்குப் பஞ்சமில்லாத வடசென்னையில் இந்த வாதம் எனக்குப் பழகிப்போனது.

ஏ.டி.ஹெச்.டி.யைத் தமிழில் 'கவனக்குறைவு' என்று எழுதுகிறோம். பாதிக் குழப்பம் அந்தப் பெயரால்தான். இந்தப் பிள்ளைகளுக்குக் கவனம் நிறையவே உண்டு. வேண்டிய நேரத்தில் வேண்டிய பக்கம் திருப்புவதுதான் கைகூடுவதில்லை.

ஸ்ட்ரைக்கரைத் தட்டினால் ஒரு நொடியில் காய் விழும், அல்லது விழாது. ரெட் போட்டால் உடனே ஃபாலோ போட வேண்டும். எல்லாம் கைமேல் பலன். கணக்குக்கோ காலாண்டுப் பரீட்சை வரை காத்திருக்க வேண்டும். ஆர்வத்தைத் தூண்டும் டோபமைன், நார்அட்ரினலின் ஆகிய மூளை ரசாயனங்களின் வேலை இந்த மூளைகளில் கொஞ்சம் வேறு மாதிரி நடப்பதாகக் கருதுகிறோம். அதனால் தூரத்துப் பலன் இவர்களை இழுப்பதில்லை. நமக்கும்தான் போரடிக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடுகிறோம். இவர்களுக்கு அந்தச் சலிப்பு உடம்பெல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி.

"எதிராளி ஆடும்போது என்ன செய்வான்?" என்று கேட்டேன். அம்மா சிரித்துவிட்டார். காலை ஆட்டுவானாம், பவுடரை அள்ளித் தேய்ப்பானாம், பக்கத்து போர்டில் வாய்கொடுத்துத் திட்டு வாங்குவானாம்.

மூழ்கிவிட்டால் மீள்வதும் கஷ்டம். கூப்பிட்டால் காதில் விழாது, பசி தெரியாது, சிறுநீரைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நோயை உறுதிசெய்யும் அறிகுறிப் பட்டியலில் இது கிடையாது. ஆனாலும் அடிக்கடி பார்க்கிறேன். அடுப்படியிலிருந்து பத்து தடவை கத்துவதற்குப் பதில், பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, "இந்த போர்டு முடிஞ்சதும் வாப்பா" என்று சொல்லிப் பாருங்கள். படிப்பையும் சின்னச் சின்ன ஆட்டமாக்கலாம்: ஐந்து கணக்கு, உடனே திருத்தம், எழுந்து ஒரு சுற்று, மறுபடி ஐந்து.

சரி, கேரமும் செல்போனும் பிடித்த பிள்ளைக்கெல்லாம் ஏ.டி.ஹெச்.டி.யா? இல்லை. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். தூக்கம், காது, பயம், பதற்றம் எல்லாம் பார்த்த பிறகுதான் முடிவுக்கு வருவோம். ஜன்னலைப் பார்த்தபடி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளைத்தான் எல்லோரும் தவறவிடுகிறோம், டாக்டர்கள் உட்பட.

சிலருக்கு மெத்தில்ஃபெனிடேட் போன்ற மாத்திரை நன்றாகவே உதவும். பசியும் தூக்கமும் குறையலாம் என்பதால் மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே. தனியாரிடம் செலவழிக்க முடியாதவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

பையனின் அப்பா ஹார்பரில் லாரி ஓட்டுகிறார். அதுவரை சாவியைச் சுழற்றிக்கொண்டே இருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "நானும் சின்ன வயசுல இப்படித்தாங்க. பெரியவங்களுக்கும் பாப்பீங்களா?"

இது குடும்ப வழியில் வருவது சகஜம். அடுத்த வாரம் அவரையும் தனியாக வரச் சொன்னேன்.